தாழ்ப்பாளுக்கு மூன்று கொட்டேஷன்

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை இன்றைய கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) அதிகாரி யாரிடமாவது சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்வார். மயிலுக்குக் குளிர்கிறதா என்று கள ஆய்வு நடக்கவில்லை. போர்வைக்கு முன், போர்வைக்குப் பின் என்று இரண்டு போட்டோ இல்லை. மயிலிடம் வரிவிலக்குக்கான 12ஏ பதிவும் கிடையாது. பாரி விவகாரம் இன்னும் மோசம். ஒரு மூங்கில் கழி போதுமான இடத்தில் முழுத் தேர்! எந்த ஆடிட்டிலும் நிற்காது.

வள்ளல்களைப் பற்றி நான் இப்படி யோசிக்கும்படி ஆனதற்கு எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளிதான் காரணம். பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதும் முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பேங்கில் இருந்தவன், இங்கிலீஷில் லெட்டர் எழுதுவான் என்பது தகுதி.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவை முதல் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த பொருளாளர், “அப்போ அது நம்ம பணம்தானே, எப்போ தருவாங்க?” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை கொடுத்த பட்டியல் சின்னது. கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும், மோட்டார் ரிப்பேர், கழுவ வருகிற அம்மாவுக்கு மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம், பினாயில். கம்பெனிகளின் பட்டியல் வேறு: ஸ்மார்ட் வகுப்பறை, டேப்லெட், ரோபோ ஆய்வகம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து உபயதாரர்கள் கோயில் டியூப்லைட்டிலேயே வெளிச்சம் வராத அளவுக்குப் பரம்பரைப் பெயர் முழுவதும் எழுதினார்கள். பினாயிலில் எங்கே எழுதுவது?

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நினைத்தாலே கண் எரிகிறது. டிரஸ்ட் டீட், பான் கார்டு, 12ஏ, 80ஜி, தர்ப்பண் எண், 2021 ஏப்ரலில் புதிதாக முளைத்த சி.எஸ்.ஆர்-1 படிவம். கூடவே, இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதாவது, மூன்று வருஷம் பணம் செலவழித்துப் பழகியவர்களுக்குத்தான் பணம். நல்லவேளை, ஆண்டு விழாவில் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்த பில்களை எங்கள் பழைய செயலாளர் பத்திரமாக வைத்திருந்தார். ஆடிட்டர் கைபட்டதும் அவை ‘மாணவர் கற்றல் ஊக்குவிப்புத் திட்டம்’ ஆகிவிட்டன.

படிவத்தை நிரப்புவதுதான் கலை. முதல் பக்கத்தில் பள்ளி இன்றோ நாளையோ என்றிருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அதே பள்ளியை நடத்த உதவும் நாம் உலகத்தரமான நிர்வாகிகளாக இருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில், ‘எங்கள் நிதி நின்ற பிறகு திட்டத்தை எப்படித் தொடர்வீர்கள்?’ உண்மையான பதில், வேறு கம்பெனிக்கு இதே படிவத்தை அனுப்புவோம் என்பது. அதை எழுத முடியாது என்பதால் ‘சமூகத்தின் பங்கேற்புடன்’ என்று எழுதினேன். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நேரடிப் பயனாளிகள் எத்தனை பேர் என்ற கேள்வி சுலபம்; வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். மறைமுகப் பயனாளிகள்? கழிப்பறைக்கு மறைமுகப் பயனாளி யார் என்று கமிட்டி கூடி விவாதித்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டின் சொந்தக்காரர் என்று முடிவாயிற்று.

அப்புறம் மௌனம். வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் தர்மத்துக்கு விட்டுச்சென்ற சொத்து வழக்குகளைத் தாண்டி 1842இல்தான் பள்ளிக்கூடமாயிற்று. இந்த நாட்டில் தர்மப் பணம் நடந்துதான் வரும் என்று பொருளாளரைத் தேற்றினேன். மார்ச் பிறந்ததும் நடை ஓட்டமாயிற்று. நடந்துகொண்டிருக்கும் திட்டங்களுக்கு ஒதுக்கியது போக, மிச்சமாகும் பணத்தைப் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றில் கட்டிவிட வேண்டும் என்று இப்போது சட்டம். அதுவரை போனை எடுக்காதவர்கள், “சார், இந்த வாரமே வரலாமா?” என்றார்கள்.

வந்தார்கள். பொன்னாடை, இளநீர், ஆளுயரச் செக் பிடித்து ஒத்திகை. கம்பெனியிலிருந்து வந்த பெண் அதிகாரி நல்ல மனசுக்காரர். ஆறாம் வகுப்புக்குப் போய், “உங்க ஸ்கூலுக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்று சொல்லும்படி டீச்சர் கண்ணைக் காட்டினார். முன்பெஞ்சுச் சிறுமி எழுந்து, “மிஸ், பாத்ரூமுக்குத் தாப்பா வேணும். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் பிடிச்சிக்கணும்” என்றாள்.

அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். “ரொம்ப வாலிட் பாயிண்ட் சார். ஆனா பத்து லட்சத்துக்குக் கீழ நாங்க ப்ராஜெக்ட் எடுக்கிறதில்ல.”

ஆகவே பத்து லட்சத்துக்குத் திட்டம் போட்டோம். டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, கை கழுவும் மேடை, சுவரில் கம்பெனி வண்ணத்தில் விழிப்புணர்வு ஓவியம். தாழ்ப்பாள் இணைப்புப் பட்டியலின் அடியில் ஒரு வரியாகப் போயிற்று. கழுவுகிற அம்மாவின் சம்பளத்தைச் சிவப்பில் அடித்துவிட்டார்கள். தொடர் செலவு கூடாதாம். பணம் வந்தது. வேலையும் நன்றாகவே நடந்தது, அதை மறைக்கக் கூடாது. எல்லாப் பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தாழ்ப்பாளுக்கும்தான். பஜாரில் இருப்பதே மூன்று ஹார்டுவேர் கடை. முதல் இரண்டில் ஏதோ வில்லங்கம் என்று நினைத்துத் துண்டுச் சீட்டில் விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது கடை அண்ணாச்சி, “யாருக்கு?” என்றார். சொன்னேன். “பிள்ளையளுக்கா?” என்றவர் பெட்டியைத் திறந்து கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து எடுத்து, திருகாணியோடு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆடிட்டர் பதறிப்போனார். தாழ்ப்பாள் தலைப்பில் செலவு பூஜ்யம் என்றால் அந்தத் தொகையைக் கம்பெனிக்கு விளக்கக் கடிதத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். பொருளாக வந்ததை நன்கொடையாகக் கணக்கில் காட்ட, கொடுத்தவர் பெயர், முகவரி, பான் எண் வேண்டும்.

மறுபடி கடைக்குப் போய், “அண்ணாச்சி, உங்க பான் நம்பர் வேணும்” என்றேன். தராசை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் சார், தாப்பா குடுத்ததுக்கு எம்மேல கேஸ் எதும் வருமா?”