பத்துக்கு எட்டு அண்ணன்

ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போட்டோ எடுக்கிறவர்கள் சாதாரண ஜனங்கள். திண்டிவனத்து அண்ணன் எடுப்பது பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸுக்கு. கட்சியில் ஏதோ ஓர் அணிக்குத் துணைச் செயலாளர். எந்த அணி என்று கேட்டால் லெட்டர்பேடைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் ஊரில் யார் வீட்டுக் காதணி விழா என்றாலும், தாய்மாமனுக்கு அடுத்த பெரிய முகம் பேனரில் அண்ணனுடையதுதான்.

உள்ளூர் ஸ்டுடியோ அவருக்கு ஆகாது. எதிர்கோஷ்டிக்காரர் அங்கேதான் எடுத்திருக்கிறார். தவிர, மாவட்டத் தலைநகரில் எடுத்தால் முகத்தில் மாவட்டக் களை வரும் என்பது கணக்கு. ஆக, விழுப்புரம். ரயில் இருக்கிறது, கஞ்சி போட்ட சட்டையோடு பாசஞ்சரில் நிற்க முடியுமா? கூட்டாளியின் காரில் ஏசி போட்டு, முதுகு சீட்டில் படாமல், வழி நெடுக விறைப்பாக உட்கார்ந்தே வருவார்.

வெள்ளையில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அரசியல் அறியாதவர்கள். பாக்கெட்டில் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரியும் அளவுக்குத் துணி மெல்லிசாக இருக்க வேண்டும்; உள்ளே பனியன் ஓட்டை தெரியாத அளவுக்குத் தடிமனாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு துணியைப் பிடிக்க அண்ணன் ஜவுளிக்கடையில் அரை நாள் செலவழிப்பார். கடைப் பையன் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் கையை விட்டுக் காட்டிக்கொண்டே இருப்பான்.

போட்டோகிராபருக்கோ வெள்ளை என்றாலே வயிற்றெரிச்சல். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். சட்டை பளீரென்று இருந்தால் மொத்தப் படத்தையும் மங்கலாக்கிவிடும். மாநிறத்து அண்ணன் அதில் இன்னும் இரண்டு படி இருண்டுபோவார். முகத்துக்காக வெளிச்சத்தை ஏற்றினால் சட்டையில் பொத்தானும் மடிப்பும் காணாமல் போகும்.

"சந்தனக் கலர் போட்டா சூப்பரா வரும்ணா."

"அதெல்லாம் வாத்தியாருங்க போடறது தம்பி."

முக அலங்காரம் அண்ணியின் இலாகா. கிளம்பும்போதே ஃபேர் அண்டு லவ்லி ஒரு பூச்சு. கம்பெனிக்காரன் 2020-இலேயே பெயரை க்ளோ அண்டு லவ்லி என்று மாற்றிவிட்டான். அண்ணி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன்மேல் பவுடர், மீசைக்கு மை. பவுடரின் வெள்ளை, ஃப்ளாஷ் வெளிச்சத்தை வாங்கி அப்படியே திருப்பி அடிக்கும் என்பது வீட்டுக் கண்ணாடியில் தெரியாது, ஸ்டுடியோவில்தான் தெரியும். முகம் விழுப்புரம், கழுத்து திண்டிவனம். தாடையோரத்தில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி போல ஒரு கோடு. "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்ணா" என்பான் ஸ்டுடியோ பையன். சரி பண்ணுகிறேன் என்று அவன் தேய்க்கும் தேய்ப்பில் பவுடரோடு சேர்ந்து பத்து வயதும் போய்விடும். அதைப் பற்றி அண்ணன் இதுவரை புகார் சொன்னதில்லை.

இந்தப் பாடு எதற்கென்றால், பழைய படம் காட்டிக்கொடுத்துவிட்டது. அதில் பாக்கெட்டில் தலைவருக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு 2000 ரூபாய் நோட்டு எட்டிப் பார்க்கும். 2016 நவம்பரில் வந்த நோட்டு. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கியே திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. நோட்டு போன பிறகும் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். விக்கிரவாண்டி இடைத்தேர்தல் நடந்த 2024-இல் வழியெல்லாம் அந்த நோட்டு சிரித்தது, எதிர்கோஷ்டியும் சிரித்தது.

சட்டமும் அவரை ஒருமுறை சோதித்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, உயிரோடு இருப்பதற்காக அண்ணன் முதன்முதலாக வருத்தப்பட்டார். நல்லவேளை, அந்தத் தடை நிலைக்கவில்லை.

ஸ்டுடியோவில் நீலத் திரை. வெள்ளைத் திரை போட்டால் சட்டை எது, சுவர் எது என்று தெரியாமல் கட்டிங்கில் தோள்பட்டை போய்விடும். கும்பிட்டு ஒன்று, கையசைத்து ஒன்று, யாரும் பேசாத போனைக் காதில் வைத்து ஒன்று. பிறகு கட்சித் துண்டை எடுத்து மடித்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "துண்டு இல்லாம நாலு எடுத்துவை தம்பி" என்பார். எந்தக் கரை என்பதைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். அண்ணனின் அரசியல் தொலைநோக்கு இவ்வளவு துல்லியமாக வெளிப்படும் இடம் வேறில்லை.

கடைசியில் கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு படம். சோகம் மட்டும் அவருக்கு வசப்படாது. உதட்டைக் கீழே இழுத்தால் பல்வலி மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கினால் வெயில் மாதிரி இருக்கும். பையன் யோசித்தான்.

"அண்ணா, 2022 நகராட்சித் தேர்தல் ரிசல்ட்ட நெனச்சிக்கங்க."

அண்ணன் நினைத்தார். க்ளிக். திரையில் பார்த்தவர் அசந்துபோனார்.

"இதுலதான்டா தலைவர் களை இருக்கு. பொறந்தநாளுக்கும் இதையே போட்டுடு."