பஞ்ச் பானத்தில் தண்ணீரின் தலைமை: ஓர் ஆய்வு

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் வைப்பார்கள். மேலே அன்னாசித் துண்டும் ஆரஞ்சு வில்லையும் மிதக்கும். உள்ளே ரம் ஒளிந்திருக்கும். ஓரத்தில் ஓர் அகப்பை சாய்ந்திருக்கும். இதன் பெயர் பஞ்ச். (தலையணைக்குள் கிடக்கும் பஞ்சும் திரையரங்கில் விசில் வாங்கும் பஞ்ச் வசனமும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.) இக்கிண்ணத்தைச் சுற்றி நிற்போர் இரண்டு கட்சி. பழமே இதன் தலைமைப் பொருள் என்பது ஒன்று. சாராயமே என்பது மற்றொன்று. முன்னவர்கள் கிண்ணத்தின் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறார்கள். பின்னவர்கள் அதைக்கூடப் பார்ப்பதில்லை. இரு கட்சியும் பிழை என்பதையும், தலைமை தண்ணீருக்கே உரியது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர்ச் சான்று. 1632-இல், கிழக்குக் கடற்கரையில் இன்று நிஜாம்பட்டினம் எனப்படும் பேட்டப்போலியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் ஒருவருக்குச் சென்ற கடிதத்திலேயே 'பஞ்ச்' என்ற சொல் காணப்படுகிறது. ஜான் ஃபிரையர் 1698-இல் வெளியான தம் பயண நூலில், இந்துஸ்தானியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லே இது, ஐந்து பொருள் சேர்வதால் வந்த பெயர் என்று விளக்கம் தந்தார். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், ஜாதிக்காய் போன்றதொரு வாசனைப் பொருள் ஆகியவையே அவ்வைந்து என்பது மரபு. 'பஞ்சியன்' என்னும் பீப்பாயின் பெயர் சுருங்கியே பஞ்ச் ஆனது என்று வாதிடுவோரும் உண்டு. பீப்பாயை எவரும் பருகுவதில்லை ஆதலால் அவ்வாதம் நம்மைத் தொடாது. இனி, 1638-இல் சூரத்துக்கு வந்த பயணி மாண்டெல்ஸ்லோ நான்கு பொருளையே குறிக்கிறார். வாசனைப் பொருள் தனியாக இல்லை, ஆனால் பன்னீர் வடிவில் தண்ணீர் இருக்கிறது. பின்னால் வங்காளத்தைப் பற்றி எழுதிய பயணி பெர்னியரிடம் சர்க்கரை தனியாக இல்லை, தண்ணீர் இருக்கிறது. உறுப்பினர் வெளிநடப்புச் செய்தாலும் அவையை விட்டு அகலாத தலைவரைப் போல் தண்ணீர் அமர்ந்திருக்கிறது. எலுமிச்சையும் சாராயமும்கூடத்தானே நிலைத்தன என்பார்க்கு, அடுத்து வரும் கணக்கே விடை.

பார்படோஸ் தீவில் வாய்வழியாக வழங்கும் விகிதம் இது: புளிப்பு 1, இனிப்பு 2, சாராயம் 3, தண்ணீர் 4. மொத்தம் பத்துப் பங்கில் மிகப் பெரிய கட்சி எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரம் 40 சதவீத ஆல்கஹால் கொண்டது என்றால், இக்கலவை 12 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு ஒயின். தண்ணீரை மட்டும் நீக்கினால் அது 20 சதவீதம் ஆகிவிடும். முன்னதை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் பேசலாம். பின்னதில், பேசுவோர் மட்டும் இருப்பர், கேட்போர் இரார். பனிக்கட்டியின் கணிதமும் இதையே சொல்கிறது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரே கட்டியின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே இரண்டு சென்டிமீட்டர் கட்டிகளாக உடைத்தால் 125 கட்டி, பரப்பு 3000. சரியாக ஐந்து மடங்கு! பஞ்ச் என்ற பெயரின் மறைபொருள் இதுவே என்று கூற ஆய்வு நெறி இடம் தராது. ஆனால் பரப்பு குறைந்த பெரிய கட்டி மெல்லக் கரைந்து, குளிர், தண்ணீர் இரண்டையுமே நிதானமாகத் தரும் என்பதில் ஐயமில்லை.

இனி எதிர்வாதங்கள். இக்காலச் செய்முறைகளில் தண்ணீர் என்ற சொல்லே இல்லையே என்பது முதலாவது. சொல் இல்லை, பொருள் இருக்கிறது: ஆரஞ்சுச் சாறு பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், சோடா அனேகமாக முழுத் தண்ணீர். மாறுவேடம் போட்டாலும் அரசன் அரசனே. பழம்தான் சுவை தருகிறது என்பது இரண்டாவது. பழத்தின் உண்மையான தொண்டு அதன் தோலில் உள்ளது; எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் பிசைந்து ஊறவிட்டால் வாசனை எண்ணெய் வெளிவரும். 1847-இல் கடிதமொன்றில் பஞ்ச் செய்முறை எழுதி அனுப்பிய சார்லஸ் டிக்கன்ஸும் மூன்று எலுமிச்சைத் தோலில்தான் தொடங்கினார். ஆனால் ரம்மைப் போல் இரு மடங்கு கொதிநீர் ஊற்றித்தான் முடித்தார். மிதக்கும் துண்டுகளோ சாராயத்தை உறிஞ்சிக்கொண்டு அப்பாவி போல் இருப்பவை. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியவை. தண்ணீர் சேர்ப்பது கலப்படம் என்பது மூன்றாவது, பால்காரர்மேல் நமக்குள்ள பழைய கோபத்திலிருந்து பிறந்த வாதம். எதிர்பாராத விருந்தாளி வந்ததும் சாம்பாரில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதை நாம் கலப்படம் என்பதில்லை, விருந்தோம்பல் என்கிறோம்.

தமிழ் மரபும் நம் பக்கமே. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கு இரண்டாம் அதிகாரம் தந்தார். கள் 93-ஆம் அதிகாரம் வரை காத்திருந்தது, அங்கும் உண்ணாதே என்றுதான் பேச்சு. மது அருந்துவதைப் பேச்சு வழக்கில் 'தண்ணி போடுவது' என்று சொல்லும் சமூகம், தலைமை யாருடையது என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டுகொண்டது. எனவே விருந்து வைப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: தோலை முந்தைய நாளே சர்க்கரையில் ஊறவிடுங்கள், தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்து உறையவைத்துப் பெரிய கட்டியாக இடுங்கள், சோடாவைக் கடைசியில் ஊற்றுங்கள், சிறு கோப்பையில் பரிமாறுங்கள். வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவர் இருந்தால், ஐந்தில் நான்கை நீக்கிவிட்டு எஞ்சும் தலைவரை மட்டும் அவருக்கு ஊற்றிக் கொடுங்கள்.