விளக்குக் கம்பத்தில் ஓர் இடம்

கார்ட்டூனில் தன் மூக்கு வரவில்லையே என்று ஏங்கிய அரசியல்வாதி உண்டா? உண்டு. பெயர் ஜார்ஜ் கானிங். 1790களில் லண்டனில் இளம் எம்.பி.

அப்போது ஜேம்ஸ் கில்ரே செப்புத் தகட்டில் கீறிய கேலிப்படங்கள் ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை ஜன்னலில் தொங்கும். பிரதமர் பிட் ஈர்க்குச்சியாக இருப்பார். எதிர்க்கட்சி ஃபாக்ஸ் சவரம் காணாத முகத்தோடு. இளவரசருக்கோ 1792-இல் தனி மரியாதை: தொந்தியில் பொத்தான் திணற, முள்கரண்டியால் பல் குத்துகிறார். பின்னால் கட்டாத பில்கள்; பறந்துவிடாமல் அவற்றின்மேல் மூத்திரச் சட்டி. அந்தச் சட்டியைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜன்னலில் இடம்பிடிக்காதவன் பெரிய மனுஷனா? கானிங் ஆள் வைத்துச் சிபாரிசு தேடினார். 1796-இல் கில்ரே மனமிரங்கினார். பிரெஞ்சுப் படை லண்டனுக்குள் புகுந்ததாக ஒரு படம். அதில் கானிங்கும் இருக்கிறார், விளக்குக் கம்பத்தில் தூக்கில் தொங்கியபடி. கேட்டது இடம்தானே, தோரணையைச் சொல்லவில்லையே!

மறு வருஷமே கில்ரேக்கு அரசாங்கத்திலிருந்து ரகசியமாக ஆண்டுக்கு 200 பவுன். ஏற்பாட்டில் கானிங்குக்கும் பங்குண்டு. தூரிகை மெல்லப் பிட் பக்கம் சாய்ந்தது.

சட்டிக்கு முன்னால் உட்கார்ந்த இளவரசர் பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னரானார். 1820-இல் இன்னொரு ஓவியர் ஜார்ஜ் குரூக்ஷாங்குக்கு 100 பவுன் போனது. மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரையமாட்டேன் என்று ரசீதே இருக்கிறது. மற்ற நிலைகளைப் பற்றி ரசீதில் பேச்சில்லை.