எறும்பரசியைச் சும்மா விடுதல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருள்

மழை விட்ட இரவில், விளக்கடியில், இறக்கையை உதிர்த்துவிட்டு ஒதுங்க இடம் தேடி ஓடும் கட்டெறும்பு அரசியே ஈண்டு ஆய்வுக்குரியவள். ஈசலை அரசியென்று கொண்டாடுவோர் உளர். ஈசலுக்கு இடை கிடையாது. நான்கு இறக்கையும் ஒரே நீளம். எறும்புக்கோ இடை ஒட்டியிருக்கும், உணர்கொம்பு மடங்கியிருக்கும், முன்னிறக்கை பெரிதாயிருக்கும்.

2. உறைவிடம்

அவளை வளர்க்க ஒரு சோதனைக் குழாய் போதும்: அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பிறகு அரசி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. குழாயை இருட்டில் கிடத்துக. வீடு முடிந்தது, முன்பணம் இல்லை.

3. உணவு

இங்கேதான் இரு மரபுகள் மோதுகின்றன. "வாயும் வயிறுமா இருக்கிறவளைப் பட்டினி போடுறியேடா!" என்று சர்க்கரை டப்பாவோடு வருவது பாட்டி மரபு. அறிவியல் மரபு அதை மறுக்கும். இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் அரசி தன் சிறகுத் தசைகளையே கரைத்து, அந்தச் சத்தை முதல் ஈட்டுப் புழுக்களுக்கு ஊட்டிவிடுவாள். மாப்பிள்ளையும் தேட வேண்டாம். பறந்த அன்று சேமித்த விந்து ஆயுளுக்கும் போதும். அவர் அப்போதே காலமாகியிருப்பார்.

4. முதன்மை இடையூறு

பூஞ்சை அன்று, வளர்ப்பவரே. "முட்டை வந்துடுச்சா?" என்று நள்ளிரவில் டார்ச் அடிப்பார். வெளிச்சம் பட்டதும் அரசி, ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு குழாயின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைவாள். தொல்லை நீடித்தால் முட்டைகளைத் தானே தின்றுவிடவும் கூடும். ஆகவே, பார்ப்பது கூடக் கூடப் பார்க்க இருப்பது குறையும் என்பது இவ்வாய்வின் தேற்றம். சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவர் ஆன்மிகத்தில் வைத்தார். எறும்பு வளர்ப்பில் அது செய்முறைப் பாடம்.

5. முடிவு

பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவருவர். பின்னால் வருவோரைவிடச் சிறியவர்கள். பாட்டியின் சர்க்கரை டப்பாவை அப்போது திறக்கலாம்: ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், கூடவே செத்த கொசு ஒன்று. ஐரோப்பியத் தோட்டக் கறுப்பெறும்பின் அரசி ஒருத்தி வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. எனவே அன்பர்களே, அவசரம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள், மற்ற நாளெல்லாம் உங்கள் வேலையைப் பாருங்கள்.