27-க்கு எத்தனை?

மனச்சோர்வை அளக்க 1999-இல் அமெரிக்காவில் பிறந்த பிஎச்க்யூ-9 படிவம் அற்புதமானது. ஒன்பது கேள்வி, 27 மதிப்பெண். பத்தைத் தொட்டால் மருத்துவர் கவனிக்க வேண்டும். உருவாக்கப் பணம் தந்த ஃபைசர் நிறுவனமே மனச்சோர்வு மாத்திரையும் விற்றது. என்ன கரிசனம்!

நீலகிரியில் கூடலூரை அடுத்த நாடுகாணிப் பக்கம், பணியர் எனும் ஆதிவாசிகளின் குடியிருப்புக்கு இந்தப் படிவத்தைக் கொண்டுபோகலாம். தூக்கம் கெட்டதா? முற்றத்தில் யானை நின்றதால் தினமும் கெட்டது: மூன்று மதிப்பெண். பசியில்லையா? பசி அமோகமாக இருக்கிறது, அரிசிதான் இல்லை: பூஜ்யம்.

படிவம் விசாரிப்பது கடைசி இரண்டு வாரங்களை மட்டும். பணியரின் தலைமுறைக் கொத்தடிமைத்தனமும் பறிபோன காடும் காலாவதி. நல்லவேளை, சேர்த்திருந்தால் 27 போதாது.

1990-இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியவர்கள், ஆதிவாசிப் பெண்களையே செவிலியராக்கினார்கள். படிவத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டார்கள், அவசரக்காரர்கள்.

படிவத்தில் பத்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு: இந்தச் சிக்கல்களால் வேலையும் வீடும் எவ்வளவு சிரமமாயின? அதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.