மூன்று யூரோவுக்கு ஒரு நாடு

முதுகில் பை, துணைக்கு மச்சினன்: இரணியல் இளைஞன் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டான். ஷெங்கன் விசா 90 யூரோ. அதை 29 நாடுகளுக்குப் பங்குவைத்தால் நாட்டுக்கு மூன்று யூரோ சொச்சம்; தக்கலைக்கு ஆட்டோவில் போய்வருகிற காசு. கணக்கு மச்சினனுடையது. “ரோமில் காப்பியை உட்கார்ந்து குடிச்சா விலை கூடுதலாம் அத்தான், நின்னே குடிப்போம்” என்பதும் அவன்தான். அறை வாடகை மிச்சமாக, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் தூக்கம்.

இப்படி மிச்சம்பிடித்துப் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை, வெர்சாய் அரண்மனைக்கு விடுமுறை. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கள்தான் விடுமுறை. பக்கத்திலேயே இருப்பதால் ஒருநாளும் போனதில்லை, எப்படித் தெரியும்? இரணியல் அரண்மனையில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. நெடுங்காலம் அதற்கு டிக்கெட்டும் கிடையாது, விடுமுறையும் கிடையாது, கூரையும் கிடையாது.

சிக்கனப் பயணத்தில் நம் பக்கத்துச் சாதனையாளர், டச்சுப் படையோடு வந்த டிலனாய். 1741இல் குளச்சலில் பிடிபட்டார். சாப்பாடு, தங்குமிடம், கடைசியில் தளபதி உத்தியோகம் எல்லாம் திருவிதாங்கூர் செலவு. 1777இல் இறந்தபின்னும் உதயகிரிக் கோட்டையைக் காலிசெய்யவில்லை. விசா நேர்காணலில் மட்டும் தேறியிருக்க மாட்டார். ஊர் திரும்புவீரா என்றல்லவா முதலில் கேட்கிறார்கள்!