ஆங் மோ கியோவில் ஸ்பூல் டேப் டெக் வாங்குவோர்க்கு ஓர் இலக்கணம்

பழைய ஸ்பூல் டேப் டெக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றி மேலைநாட்டு அறிஞர் பலர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ மூவறை வீட்டில் குடியிருந்ததாகத் தெரியவில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

பூர்வபட்சத்தார் ரெவாக்ஸ் ஏ77-ஐ உத்தமம் என்பர். 1967இல் வந்தது, மூன்று மோட்டார், வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று. மறுப்பதற்கில்லை. விலையைக் கேட்டபின் பூர்வபட்சத்தாரே மௌனமாகிவிடுவதால் அடுத்ததற்குச் செல்வோம்.

அகாய், சோனி முதலிய ஜப்பானியர். இங்குதான் ஆய்வாளன் விழிப்பாயிருக்க வேண்டும். ஒசாகாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், தோக்கியோவில் 50, இரண்டிலும் 100 வோல்ட். நம் வீட்டிலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்து மின்சாரத் துடிப்பை நம்பிச் சுழலும் மோட்டார், பூலியை மாற்றாவிட்டால், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடிய அம்மையார் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். 60 நிமிடக் கச்சேரி 72 நிமிடமாகும். சௌக்க காலம் என்று தலையாட்டி ரசித்தாரும் உளர் என்ப.

ஈரப்பதம் தனி இயல். ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். டேப்பில் பூஞ்சணம் பூக்கும். எழுபதுகளின் சில டேப்புகளில் பசையே ஈரம் குடித்து இளகி ஹெட்டில் அப்பும். ஆகவே கள ஆய்வு இன்றியமையாதது. பிஞ்ச் ரோலரை நகத்தால் அழுத்துக. அமுங்கி மீண்டால் உயிருண்டு. கல்லாயிருந்தால் டேப் வழுக்கும். விரலில் கறுப்பாக ஒட்டினால் பேரத்தை நிறுத்திவிட்டுச் சோப்பு கேட்க. அகாய் ஜிஎக்ஸ் வகையின் கண்ணாடி-ஃபெரைட் ஹெட் லேசில் தேயாது. ஏழைக்கு அதுவே கதி என்பது என் துணிபு.

சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டபின் டெக்குகள் கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. படத்தில் எல்லாமே ஓடும். எனவே இயந்திரத்துக்கு முன் மெக்கானிக் அங்கிளைத் தேர்க; டெக்கின் ஆயுள் அவர் ஆயுளே. சிஷ்யப்பிள்ளை இருந்தால் நூறு வெள்ளி கூடுதலாகவும் கொடுக்கலாம். உடல்நிலையை நேரே விசாரிப்பது மரியாதையன்று. காப்பிக்கடைக்கு அழைத்துச் செல்க. ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சீனியில்லாமல் கேட்டாரானால் அன்றே முன்பணம் கட்டிவிடலாம்.